இரண்டாவது குகை

ஒரு காட்டில், மழைக்காலத்துக்கென்று தீனி சேர்த்து வைக்கும் குகை ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் கிடைத்ததையெல்லாம் விலங்குகள் அங்கே கொண்டுவந்து கொடுக்கும். மழை பிடித்துக்கொண்டதும் வந்து கேட்டு வாங்கிப் போகும். கொடுத்தது யார், கேட்பது யார், எது எந்தக் குழியில் கிடக்கிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டது ஓர் அணில். அவள் பெயர் வரியாள்.

வரியாளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, குழந்தைகளே. எதையும் ஒழுங்காகத்தான் செய்வாள்.

இலுப்பைப் பூவுக்கு ஒரு குழி, நாவல் கொட்டைக்கு ஒரு குழி, புளியங்கொட்டைக்கு ஒரு குழி. குழிகளுக்கு நடுவே களிமண் சுவர். சுவர் நன்றாகக் காய்ந்து, தட்டினால் ஓசை வர வேண்டும். அதுவரை ஒரு மணியைக்கூட உள்ளே போட மாட்டாள். ஈரக்காலோடு யாரையும் குகைக்குள் விடவும் மாட்டாள். வாசலில் நின்று கேட்டால் அவளே உள்ளே போய் எடுத்துவந்து கொடுப்பாள்.

இது போக, எதிர்மலையில் இரண்டாவது குகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துப்போய் அங்கே வைப்பாள். அதற்குக் காவல் முள்ளன் என்ற முள்ளம்பன்றி. வரியாள் நேரில் வந்து சொன்னாலொழிய அவன் வாசலை விட்டு நகர மாட்டான். அவ்வப்போது அவள் போய்க் கல்லைப் புரட்டி, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு வருவாள்.

"வெச்சுட்டா மட்டும் போதுமா முள்ளண்ணே? கெடாம இருக்கான்னு பாக்க வேணாமா?" என்பாள்.

முதல் குகைக்கு ஏதாவது ஆகிவிட்டால் காடு பிழைக்க வேண்டியது அந்த இரண்டாவது குகையை வைத்துத்தான். ஆனால் இதுவரை எதுவும் ஆகவில்லை. அதனால் மற்றவர்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு இரண்டாவது குகைக்குப் புதிதாக ஒரு பொருள் வந்து சேர்ந்திருந்தது. மூங்கில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து, அரிசியைச் சொரிந்துவிட்டு, அப்படியே பட்டுப்போகும். அந்த வெயில் காலத்தில் காட்டு மூங்கில் மொத்தமும் பூத்துப் பட்டுப்போனது. சொரிந்த அரிசியை விலங்குகள் வயிறு முட்டத் தின்று தீர்த்தன. வரியாள் மட்டும் ஓடி ஓடிப் பொறுக்கி, இரண்டு குகையிலும் பங்கு வைத்தாள். அடைமழை ஓய்ந்ததும் அதை விதைக்க வேண்டும். விதைத்தால் மூங்கில் உண்டு. விட்டால் அந்தக் காட்டில் இனி மூங்கிலே கிடையாது.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு கரடி. நல்லவர்தான். பசித்தால் மட்டும் பொறுக்க மாட்டார். அவருக்கு எப்போதும் பசிதான்.

ஒரு தூறல் நாளில் அவர் குகை வாசலில் நின்று இலுப்பைப் பூ கேட்டார். வரியாள் உள்ளே போய், குழியின் மூடியை எடுத்து, பூவை அள்ளி, மறுபடி மூடிவிட்டு வந்தாள்.

"இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று உறுமினார் ராஜா.

பக்கத்தில் மந்திரி நின்றிருந்தார். மந்திரி ஒரு மயில். அவருக்குத் தோகை பெரிது, வாக்கு அதைவிடப் பெரிது. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது எப்போதும் மற்றவர்கள் பாடு.

"மகாராஜா, பல குழி இருக்கிறதாலதான் இந்தத் தாமதம். எல்லாத்தையும் ஒரே பெரிய குழியில போட்டுட்டா, கையை விட்டதும் வேணுங்கிறது வந்துடும். பௌர்ணமிக்குப் பக்கத்துக் காட்டு யானை ராஜா விருந்துக்கு வர்றாரு. அவருக்கு இதைக் காட்டினா அசந்துபோயிடுவாரு!" என்றார் மயில்.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "பௌர்ணமிக்குள்ள முடியுமா?"

"அதுல என்ன மகாராஜா, முடிச்சுடலாம்!"

முடிக்க வேண்டியவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

ராஜா போனதும் வரியாள் மயிலின் முன்னால் ஓடி நின்றாள்.

"மந்திரியாரே, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினா எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? இலுப்பைப் பூ ஈரம் இழுக்கும். அது பக்கத்துல கிடக்கிற அரிசியையும் கெடுத்துடும்."

"நீ எப்பவுமே இப்படித்தான். நல்லது நடக்கறப்போ நொட்டை சொல்லுவே."

"சரி, செய்யறதுன்னாலும் மழை முடியட்டும். வெயில் வந்தாத்தான் சுவர் காயும்."

"வெயில் வரைக்கும் யானை ராஜாவை நிக்கச் சொல்லட்டுமா?"

"அப்போ அதுவரைக்கும் தீனி கொடுக்கிறதையாவது நிறுத்திக்கிறேன்."

"ஐயையோ! ஒரு வேளைகூட நிக்கக் கூடாது. கொடுத்துக்கிட்டே மாத்து. சின்ன வேலைதானே!" என்று சொல்லிவிட்டு மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் ராஜ சபையில் மயில் எழுந்து, "மகாராஜா! வரியாள் சந்தோஷமா ஒத்துக்கிட்டா" என்று அறிவித்தார். வரியாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மகாராஜா, நான் அப்படி..." என்று தொடங்கினாள்.

கரடி ராஜா கொட்டாவி விட்டார். "இதோ பாரம்மா, முடியாதுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. முடிச்சுக் காட்டறவங்கதான் எனக்கு வேணும். நீ எப்படி?"

சபை முழுக்க அவளையே பார்த்தது. 'முடியாது' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. வரியாள் தலையை ஆட்டிவிட்டாள்.

அன்றே வேலை தொடங்கியது. ஒரு பக்கம் மான் வந்து நாவல் கேட்கும், ஓடிப்போய்க் கொடுப்பாள். மறுபக்கம் மண் தோண்டுவாள். மான் போனால் முயல் வரும், முயல் போனால் ராஜா வருவார். சாப்பிட நேரமில்லை. தீனிக் குகையிலேயே வேலை செய்துகொண்டு அவள் பட்டினி கிடந்தாள்.

குகையின் நடுவில் பெரிய குழி பாதி ஆகியிருந்தபோது மயில் எட்டிப் பார்த்தார்.

"அடடா, இங்கேயா தோண்டினே? யானை ராஜா இந்த வாசல்ல நுழைவாரா? வெளியே, வாசலுக்கு முன்னால வரணும்."

வரியாள் மண்வெட்டியாகப் பயன்படுத்திய சிப்பியைக் கீழே போட்டாள். "வெளியிலயா? மழை நேரா உள்ள விழுமே மந்திரியாரே!"

"கூரையெல்லாம் விருந்து முடிஞ்சதும் போட்டுக்கலாம். இது சின்ன மாத்தம்தான். நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது. உனக்கு ஒத்தாசைக்கு ஆள் அனுப்பறேன்."

ஒத்தாசைக்குக் குரங்குகள் வந்தன. அவை நல்ல உற்சாகமாக வந்தன. எந்தக் குழியில் எது என்று வரியாள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். ஒரு குரங்குக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று சுவரை உடைத்துப் புளியங்கொட்டையையும் நாவல் கொட்டையையும் கலந்துவிட்டது. அதை அவள் பிரித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது குரங்கு மூங்கில் அரிசிக் குழியில் இருந்ததை அப்படியே அள்ளிக் கொண்டுபோய், வாசலுக்கு முன்னால் தோண்டிய புதுக் குழியில் கொட்டியது.

"வேலை மளமளன்னு நடக்குது!" என்று ராஜாவுக்குச் செய்தி சொல்லப் பறந்தார் மயில்.

வரியாள் புதுக் குழியின் சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஓசை வரவில்லை. அவள் கை ஈர மண்ணில் பதிந்தது. ஆனாலும் எதிர்மலைக் குகையை நினைத்துக்கொண்டாள். 'இங்கே எது கெட்டாலும் அங்கே ஒரு பங்கு இருக்கு. மூங்கில் அரிசி அங்கே பத்திரமா இருக்கு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பௌர்ணமி நாள் காலையில் மயில் வந்து குழியைச் சுற்றி வந்தார். முகம் சுளித்தார்.

"என்னது இது, விளிம்பு வரைக்கும் நிரம்பலையே? யானை ராஜா பார்த்தா, இவங்க காட்டுல பஞ்சம் போலிருக்குன்னு நினைக்க மாட்டாரா?"

"இருக்கிறது இவ்வளவுதான் மந்திரியாரே."

"எதிர்மலையில சும்மா கிடக்குதே? அதையும் கொண்டுவந்து கொட்டு."

வரியாளின் வால் விறைத்தது. "அதுல மட்டும் கை வைக்காதீங்க. அது சும்மா கிடக்கலை. காத்துக் கிடக்குது."

"இன்னைக்கு ஒரு நாள்தானே! விருந்து முடிஞ்ச கையோட திருப்பி வெச்சுடலாம். அதுக்கப்புறம் உனக்கு ஓய்வு. போய் நிம்மதியாத் தூங்கு. என் வாக்கு!"

தூங்கு என்ற சொல்லைக் கேட்டதும் வரியாளுக்குக் கண் கலங்கியது. அவள் கண்ணை மூடி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் மறுபடி சபை, மறுபடி கொட்டாவி, மறுபடி அதே கேள்வி. அதற்கெல்லாம் அவளிடம் தெம்பில்லை. கால்கள் தாமாகவே எதிர்மலைக்கு நடந்தன. பின்னால் குரங்குகள் போயின.

முள்ளன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வாசலில் நின்றான். "யார் சொன்னாலும் விட மாட்டேன். வரியா, நீ சொல்லு. நீயா சொல்றே?"

"நான்தாண்ணே சொல்றேன். இன்னைக்கு ஒரு நாள்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இதுக்கு அப்புறம் இன்னொண்ணு கிடையாது."

"வழி விடுண்ணே" என்றாள் வரியாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

முள்ளன் விலகினான்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. யானை ராஜா வந்தார். விளிம்பு வரை நிரம்பிய குழியைப் பார்த்து, "ம், நல்லாயிருக்கு" என்றார். திரும்பிப் பார்க்காமல் பழம் தின்னப் போய்விட்டார். இவ்வளவு பாடும் அந்த ஒரு 'ம்'முக்குத்தான், குழந்தைகளே.

கரடி ராஜா மயிலின் கழுத்தில் காட்டுப்பூ மாலை போட்டார். குரங்குகளுக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் கிடைத்தது. வரியாள் குழியோரத்தில் நின்றுகொண்டு, கலந்து கிடந்த குவியலிலிருந்து மூங்கில் அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மயிலிடம் ஓடினாள். "விருந்து முடிஞ்சது. எதிர்மலைப் பங்கைத் திருப்பி வைக்கணும். மேலே கூரை போடணும். குரங்குகளை அனுப்புங்க."

"குரங்குங்க வேற வேலைக்குப் போயாச்சு. நீயும் இதையே பிடிச்சுத் தொங்காதே. இனிமே எல்லாரும் தானே வந்து எடுத்துக்கட்டும்னு ராஜா சொல்லிட்டாரு. அதுக்கு வழி பண்ணு."

"கூரை?"

"பாத்துக்கலாம்."

எல்லோரும் வந்தார்கள். ஈரக்காலோடு குழியில் இறங்கிக் கிளறினார்கள். கரடி ராஜா இலுப்பைப் பூவைத் தேடி அடிவரை தோண்டினார். அன்று பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தது. அடைமழை கொட்டத் தொடங்கியது. வரியாள் வாழை இலையை இழுத்துவந்து குழியை மூடப் பார்த்தாள். காற்று இலையைப் பிடுங்கிக்கொண்டு போனது. இன்னொன்றை இழுத்துவந்தாள். அதுவும் போனது. காயாத சுவர் கரைந்து உள்ளே சரிந்தது. அவள் குழியின் மேலேயே படுத்துக்கொண்டாள். ஓர் அணிலின் உடம்பு எவ்வளவு இடத்தை மறைக்கும்?

மழை விடவேயில்லை. விட்டபோது குழியிலிருந்து புளித்த நாற்றம் காடெங்கும் அடித்தது. கொட்டையும் பூவும் அரிசியும் சேறும் ஒன்றாகக் கூழாகிக் கிடந்தன. வரியாள் அதை இரு கையாலும் துழாவினாள். ஒரு மூங்கில் அரிசி கிடைத்தது. நசுக்கிப் பார்த்தாள். உள்ளே கறுத்திருந்தது. இன்னொன்று கிடைத்தது. அதுவும் அப்படித்தான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சபை கூடியது. ராஜாவின் வயிறு காலி. அதனால் கோபம் பெரிதாக இருந்தது.

"தீனிக்குக் காவல் யாரு?"

"வரியாள், மகாராஜா" என்றார் மயில். கழுத்தில் அந்த மாலை இன்னும் வாடியபடி கிடந்தது.

"இப்படி ஆகும்னு இரண்டாவது குகை வெச்சிருந்தாளே, அது எங்கே? அதைத் திறந்தது யாரு?"

எல்லோரும் முள்ளனைப் பார்த்தார்கள். முள்ளனுக்குப் பொய் சொல்ல வராது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வரியாள் சொல்லித்தான் திறந்தேன்" என்றான்.

"நீயா சொன்னே?" என்று கேட்டார் ராஜா.

யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்ல அவள் வாயெடுத்தாள். மயில் அவளைப் பார்க்காமல் தன் இறகைக் கோதிக்கொண்டிருந்தார். சொல்லி என்ன? கறுத்த அரிசி முளைக்கப் போகிறதா?

"ஆமா மகாராஜா. நான்தான் சொன்னேன்."

ராஜா பெருமூச்சு விட்டார். நான் முன்பே சொன்னேனே, அவர் நல்லவர்தான்.

"சரி, போனது போகட்டும். தண்டனை எதுவும் வேணாம். மழை முடிஞ்சதும் விதைக்கணும்னு சொன்னீங்களே, அந்த மூங்கில் அரிசி மட்டும் அடுத்த பௌர்ணமிக்குள்ள எனக்கு வந்தாகணும்."

"அதுல என்ன மகாராஜா, முடிச்சுடலாம்!" என்றார் மயில்.

பூத்து முடிந்து பட்டுப்போன மூங்கில் எங்கும் இல்லாத அரிசியை எங்கிருந்து கொடுக்கும்? வரியாள் மெல்ல நடந்து, பட்டுப்போன மூங்கில் காட்டுக்குப் போய் நின்றாள். காய்ந்த கழிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கரகரத்தன. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. இனி அவள் காலத்தில் அங்கே பச்சை வரவும் போவதில்லை.

அங்கே நின்றுகொண்டு, அன்று தொண்டையில் நின்றுபோன அந்தச் சொல்லை இப்போது சொன்னாள்.

"முடியாது."

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

நீதி: முடியாத வேலைக்குத் தலையாட்டுகிறவர், அது பாழாகும்போது அதற்கும் தலைகுனிய வேண்டிவரும்.