அறுபதடிக் கயிறு

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் அமலோற்பவத்துக்குக் கிடையாது. கொற்றப்பாடு கழிமுகத்தில், காற்றடைத்த ட்யூபில் ஆட்களை உட்கார வைத்துப் படகால் இழுத்துக் காட்டுகிற தொழிலில் பதினைந்து வருடமாக இருக்கிறாள். வயது முப்பத்தேழு. அவள் தலையாட்டாமல் அந்தக் கழியில் யாரும் ட்யூப் இழுக்கக் கூடாது என்பது படகுக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதனால் அவளை வாத்தியாரம்மா என்பார்கள், பாதி கேலியாக, பாதி பயந்து.

அந்த மார்கழிக் கடைசியில் அவளிடம் பாடம் கேட்க வந்தவருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தணிகாசலம். மின்வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். படகு வாங்கியாகிவிட்டது, ட்யூப் வாங்கியாகிவிட்டது, எல்லாம் ஒரே மாதத்தில். காணும் பொங்கலுக்கு மகள் மஞ்சரி புனேயிலிருந்து வருகிறாள், நான்கு வருடத்துக்குப் பிறகு. அவளைத் தன் கையால் ஒரு சுற்று இழுத்துக் காட்டிவிட வேண்டும். வேறு எதிலும் அவருக்கு மனம் ஓடவில்லை. இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

"அஞ்சு நாள்ல கத்துக்கிரலாமாம்மா?" என்று கேட்டார்.

"கயித்தக் காட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

காட்டினார். நல்ல நீலக் கயிறு, புதுசு. இரண்டு துண்டை முடிச்சுப் போட்டு நீளமாக்கியிருந்தார். அவள் அதை விரல்களுக்கு நடுவில் விட்டு உருவிப் பார்த்தாள்.

"நாலு பேரு உக்கார்ற ட்யூபுக்கு ஒத்தாள் கயிறு. அதுலயும் முடிச்சு."

முப்பத்தைந்து வருடம் கம்பத்தில் கயிறு கட்டியவன் போட்ட முடிச்சு, அவிழாது என்றார் அவர்.

"முடிச்சு அவுறாது. அதுக்குப் பக்கத்துல அறும்" என்றாள். துணி காயப்போட நல்ல கயிறு என்று சொல்லி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

தணிகாசலம் அன்றைக்கே தூத்துக்குடிக்கு ஓடி, நாலு பேருக்குத் தாங்கும் ஒரே கயிறாக, அறுபதடியில், தண்ணீரில் மிதப்பதாகப் பார்த்து வாங்கிவந்தார். அதைவிடக் குட்டையாக இருந்தால் படகு கிளப்புகிற அலை ட்யூபில் இருப்பவர் முகத்தில் அறையும். ரொம்ப நீளமாக இருந்தால் படகு திரும்பும்போது ட்யூப் கரைப்பக்கம் வீசிப்போகும். இதையெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையாட்டி முடித்திருப்பார்.

அடுத்த நாள் காற்றடிக்கிற பாடம். பாதி அடித்ததும் போதும் என்றார், வெயிலில் தானே உப்பிக்கொள்ளுமாம். அவள் அவரை அதிலேயே உட்காரச் சொன்னாள். ட்யூப் நடுவில் மடிந்து, வேட்டியோடு அவரை இடுப்புவரை நனைத்தது. உள்ளங்கையால் அழுத்தினால் குழி விழாத மட்டும் அடிக்க வேண்டும் என்பதை அவர் அதற்கப்புறம் மறக்கவில்லை. கயிற்றைப் படகின் பின்புறம் நட்டநடுக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், ஓரத்தில் மாட்டினால் படகு ஒரு பக்கமாகவே இழுபடும் என்பதையும் கற்றுக்கொண்டார். எடுத்த எடுப்பில் ஓட்டக் கூடாது, தொய்வு போய்க் கயிறு நேராகிறவரை நடைவேகம்தான். அதையும்தான்.

கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. கால்தான் ஒரு இடத்தில் நிற்காது. காற்றடிக்கும்போதே செல்போனை எடுத்துத் தேதி பார்ப்பார்.

மூன்றாம் நாள் காலை கேட்டேவிட்டார். "இன்னும் என்னம்மா பாக்கி இருக்கு?"

அமலோற்பவம் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி ட்யூப் பக்கம் போனாள். பின்னால் பார்த்துக்கொள்ளப் படகில் ஒரு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்குத்தான் கண்ணாடி வைத்திருக்கிறேனே என்று அவர் ஒன்றைக் காட்டினார். பழைய பைக்கிலிருந்து கழற்றி மாட்டியது.

"கண்ணாடி போதும்னா சரி" என்று ட்யூபில் ஏறினாள்.

படகு நகர்ந்தது. கயிறு இன்னும் நேராகவில்லை. எங்கிருந்தோ வந்த சின்ன அலை, தொய்ந்து கிடந்த கயிற்றைத் தூக்கி அவள் மணிக்கட்டில் ஒரு சுற்று போட்டுவிட்டது.

"விடு!" என்று கத்தினாள்.

தணிகாசலம் வேகம் கூட்டுகிற லிவரை முன்னால் தள்ளினார்.

அவள் ட்யூபிலிருந்து தண்ணீரில் சரிந்ததால் சுற்று கழன்றது. மணிக்கட்டில் தோல் வளையம்போல உரிந்திருந்தது. தணிகாசலம் படகைத் திருப்பிக்கொண்டு வந்து ரத்தத்தைப் பார்த்தார்.

"விடுன்னு நீங்கதானம்மா சொன்னிய."

"சொன்னேன்."

"வண்டிய விடு, பஸ்ஸ விடுன்னா போன்னுதான அர்த்தம்?"

அவள் கழித்தண்ணீரில் கையை அலசிக்கொண்டிருந்தாள். உப்பு எரிந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கை மஞ்சரியின் கையாக இருந்திருந்தால் என்ற நினைப்பு விடாமல் பிடுங்கித் தின்றது. படகை விற்றுவிடலாமா என்றுகூட ஒரு தரம் யோசித்தார்.

மறுநாள் அமலோற்பவம் கட்டுப்போட்ட கையோடு வந்தாள். கூடவே அவள் கணவர் லூர்து. அவர் படகில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். தணிகாசலத்தை ட்யூபில் உட்காரச் சொல்லிவிட்டு அவளே படகை ஓட்டினாள்.

முதல் சுற்று நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது, ட்யூப் தவளைபோலக் குதித்தது. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. வயசுக்கு இது வேண்டாத வேலை என்று அவருக்கே பட்டது.

"போதும்மா, விடுங்க!" என்று கத்தினார்.

"விடச் சொல்லுதாரு" என்றார் லூர்து.

அமலோற்பவம் லிவரை முன்னால் தள்ளினாள். தணிகாசலம் ஒரு பக்கம் போனார், ட்யூப் ஒரு பக்கம் போனது.

மணல்திட்டில் அவரைக் கரைசேர்த்தார்கள். உப்புத் தண்ணீரைத் துப்பி முடிக்க நேரமாயிற்று.

"விடுங்கன்னு கத்துனேம்லா?"

"விட்டேம்லா."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

"அப்போ அந்த வார்த்தைக்கு என்னதாம்மா அர்த்தம்?"

"கயித்துல எந்த முனையில இருக்கியளோ, அந்த அர்த்தம்."

தணிகாசலம் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மஞ்சரிக்குத் தாவரவியல் படிக்க ஆசை. இவர் பொறியியலுக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்துக்கொண்டு எடுத்துச் சொன்னார். விடுங்கப்பா என்றாள். சரி, நம்மிடம் விட்டுவிட்டாள் என்று சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை பார்த்தபோதும் அதையேதான் சொன்னாள், கல்யாணத்தை முடித்தார். புருஷன் பொண்டாட்டிக்குள் மனத்தாங்கல் என்று தெரிந்ததும் புனேக்குப் புறப்பட்டார். போனிலும் விடுங்கப்பா என்றுதான் சொன்னாள். போய், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, ஒன்றாக வாழச் சொல்லிவிட்டு வந்தார். அதிலிருந்து அவள் ஊருக்கே வரவில்லை. ஆறு மாதத்தில் அவர்கள் பிரிந்த விஷயம் இவருக்கு வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

"எத விடுங்கன்னு சொன்னா, கேட்டியளா?" என்றாள் அமலோற்பவம்.

"கேக்க என்ன இருக்கு? அவதான் வாயத் தொறந்து சொல்லிட்டாளே."

அமலோற்பவம் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். அடுத்த நாள் முழுக்கக் கைச்சாடை சொல்லிக்கொடுத்தாள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக, தலைக்கு மேல் கையைச் சுழற்றினால் நிறுத்து. சாயங்காலம் ஒருவழியாகத் தலையாட்டினாள். ஆனால் பின்னால் பார்க்கிற ஆளாகத் தானே வருவதாகச் சொன்னாள். தணிகாசலம் படகிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

காணும் பொங்கலன்று கழிமுகத்தில் கால் வைக்க இடமில்லை. கட்டுச்சோற்று மூட்டையும் கரும்புமாகச் சனம். மஞ்சரி இளைத்திருந்தாள். அப்பாவோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த வழியெல்லாம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ட்யூபில் ஏறுவாளோ மாட்டாளோ என்று அவர் தவித்துக்கொண்டிருக்க, அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானாகவே போய் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் கூடவே ஓடினார். கைச்சாடையை இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் தரம் ஆரம்பித்தபோது அமலோற்பவம் படகில் ஏறச் சொன்னாள்.

மெதுவாக நகர்த்தினார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ட்யூப் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. பக்கத்தில் போன ஒரு படகின் அலையில் அது தூக்கிப்போட, மஞ்சரி இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அங்கிருந்து குரல் வந்தது.

"விடுங்கப்பா!"

தணிகாசலத்தின் கை லிவர் மேல் இருந்தது. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தார். அறுபதடி தூரத்தில் மகளின் முகத்தை முடி மறைத்திருந்தது. சிரிக்கிறாளா பயந்திருக்கிறாளா, தெரியவில்லை. சாடை காட்ட அவளுக்குக் கை ஒழியவில்லை.

"வாத்தியாரம்மா, அவ என்னதான் சொல்லுதா?"

அமலோற்பவம் ட்யூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இஞ்சின அமத்திட்டு அவகிட்டயே கேளுங்க அண்ணாச்சி."