இருபத்துமூன்று கிலோவும் ஒரு மலை ஏரியும்

நல்லசிவத்தின் வாய்க்குள் எலியாகப் போனது வெளியே வரும்போது யானையாகத்தான் வரும், அதுவும் அம்பாரியோடு. கனடாவில் பன்னிரண்டு வருஷம் டயர்க் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வத்தலக்குண்டுக்குத் திரும்பி எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவர் சொன்ன பனியையெல்லாம் உருக்கினால் வைகை அணை நிரம்பி வழியும்.

ஆனால் அன்று சாயங்காலம் மனுஷனுக்கு உள்ளுக்குள் நிஜமாகவே உதறல். மகள் இலக்கியாவை மூன்று வயதில் விட்டுப் போனவர். இப்போது அவளுக்குப் பதினைந்து. இன்னும் அவரிடம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசுகிறாள். ஃபேன் போடவா, காபி போதுமா, அவ்வளவுதான். அதனால்தான் மறுநாள் அவளும் அவருமாக முதுகுப் பையோடு மேல்மலை ஏரிக்கு நடந்துபோய், ஒரு ராத்திரி தங்கி, மீன் பிடித்துத் திரும்புவதாக ஒரு ஏற்பாடு. மனைவி சுகந்தி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: பிள்ளைக்கு இஷ்டம் இருக்க வேண்டும், கூட்டிப்போகிறவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும், ஆறு மணிக்குப் போன் செய்து மகளிடமே கேட்பேன்.

ஐந்தரை மணிக்கு நல்லசிவம் டென்ட், குக்கர் என்று எல்லாவற்றையும் திணித்து இரண்டு பைகளைக் கட்டி முடித்து, ஏர்போர்ட்டுக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கும் கைத்தராசில் மாட்டினார். இரண்டும் இருபத்திரண்டு கிலோ தொள்ளாயிரம்.

"ஆளுக்கு இருபத்துமூணுதான் கணக்கு. ஒரு கிராம் தாண்டல," என்றார் பெருமையாக.

"மாமா, மலையில எந்த ஏர்லைன்ஸ் ஓடுது?" என்று கேட்டான் கதிரேசன். சுகந்தியின் தம்பி. வேர்க்கடலை தின்றபடி வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

நல்லசிவம் இதற்கெல்லாம் அசருகிறவரா? கனடாவில் மலையேறியபோது தான் தூக்கியது எண்பது கிலோ என்றார். வழியில் ஒரு கரடி மறித்ததாம். அவர் சட்டென்று பையைக் கழற்றி அதன் முதுகில் மாட்டிவிட்டாராம். நூறடி நடப்பதற்குள் கரடிக்கு இளைப்பு வாங்கி உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, பையைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் இவர்தான்.

"டிப்ஸ் குடுத்தீங்களா?" என்றான் கதிரேசன்.

இலக்கியா சிரிக்கவில்லை. மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். "என் எடையே நாற்பத்துநாலுதாம்ப்பா," என்றாள். "என்னில பாதி இந்தப் பை."

அந்தக் கணக்கு நல்லசிவத்தைக் கொஞ்சம் சுட்டது. சுட்டதை மறைக்க மீனுக்குத் தாவினார். ராக்கி மலையில் ஓர் ஏரி. தூண்டிலைப் போட்டுக் காலையில் இழுக்க ஆரம்பித்தது, மத்தியானம்தான் தலை தெரிந்தது. முழுசாக வெளியே எடுத்தபோது ஏரித் தண்ணீர் நாலடி இறங்கிவிட்டது. படகெல்லாம் சேற்றில் சாய்ந்து நின்றது. முனிசிபாலிட்டிக்காரர்கள் ஓடிவந்து, ஐயா, ஊருக்குக் குடிதண்ணீர் இதுதான், தயவுசெய்து மீனைத் திரும்ப வையுங்கள் என்று கெஞ்சினார்களாம்.

"வச்சுட்டீங்களாக்கும்."

"மனசு கேக்கல மாப்ள, வச்சுட்டேன். ஒரே ஒரு செதிலை மட்டும் ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டேன். ராத்திரி மழைக்கு நாலு பேர் அதுக்கடியில படுத்தோம்."

"அந்தச் செதில் எங்க மாமா?"

"இருபத்துநாலு கிலோ இருந்துச்சுப்பா. விமானத்துல ஏத்த மாட்டேன்னுட்டான். இப்ப அந்த ஏர்போர்ட்டுல கார் நிறுத்துற எடத்துக்குக் கூரையா போட்டிருக்கான்."

கதிரேசனுக்குக் கடலை புரையேறிவிட்டது. இலக்கியா எழுந்து, மூலையில் சாய்த்திருந்த புதுத் தூண்டிலை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்து, முள்ளை அவர் கையில் கொடுத்தாள்.

"புழுவை இதுல எப்படிப்பா மாட்டணும்?"

நல்லசிவம் முள்ளைப் பார்த்தார். முள் அவரைப் பார்த்தது. பன்னிரண்டு வருஷமும் அவர் அந்த மலைகளைக் கிடங்கின் பின்வாசலில் நின்று டீ குடித்தபடிதான் பார்த்தார் என்பது முள்ளுக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. கட்டைவிரலில் குத்திக்கொண்டார். ஒரு பொட்டு ரத்தம். வாயைத் திறந்தார், முதல் முறையாக எலிகூட வரவில்லை.

அப்போது போன் அடித்தது. ஆறு மணி.

இலக்கியா ஸ்பீக்கரில் போட்டாள். சுகந்தி சுற்றி வளைக்கவில்லை: "போறதுக்கு உனக்கு இஷ்டமா? உங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமாடி?"

கதிரேசன் மெல்லுவதை நிறுத்தினான். நல்லசிவம் விரலைச் சப்பிக்கொண்டு தரையைப் பார்த்தார். தலை நிமிர்ந்தபோது அவள் விரித்து வைத்திருந்த நோட்டு கண்ணில் பட்டது. எத்தனை நாளாக எழுதினாளோ, பக்கம் முழுக்க மணிமணியான கையெழுத்து. டென்ட் வேண்டாம், வனத்துறை விடுதி. நாலு கிலோமீட்டருக்கு மேல் நடை இல்லை. பை ஆளுக்கு ஆறு கிலோ. எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கோடு போட்டு: ரெண்டு பேர்.

"இஷ்டம்தாம்மா," என்றாள் இலக்கியா, கண் இமைக்காமல். "அப்பாவுக்கு எல்லாம் நல்லா தெரியும்."

கரடி, ஏரி, செதில் எல்லாவற்றையும் அவள் ஒரே தாவில் தாண்டிவிட்டாள். இவ்வளவு பெரிய புளுகை, அதுவும் முகம் மாறாமல், இந்த ஜென்மத்தில் தன்னால் விட முடியாது என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது.

போனை வைத்துவிட்டு அவள் பையின் வாயைத் திறந்தாள்.

"முதல்ல அந்தக் குக்கரை வெளிய எடுங்கப்பா."