நெய்யில்லாத உருண்டை

நெடுமலைக்கோட்டையை ஆண்டவர் செம்பியவேள். நல்ல அரசர்தான். ஆனால் பயங்கர குண்டு. அதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை, அரண்மனை வைத்தியச்சி பூவாயியைத் தவிர.

அன்று காலை அரசர் குதிரையில் ஏறப் போனார். இரண்டு பேர் தூக்கிவிட்டும் முடியவில்லை. குதிரையே திரும்பிப் பார்த்தது. பூவாயி நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னாள்.

"நெய், பால், சர்க்கரை மூன்றையும் விடுங்கள் மன்னா. இல்லையென்றால் அடுத்த மாசம் நாற்காலியிலிருந்தும் எழ முடியாது."

மடைப்பள்ளித் தலைவன் தாண்டவன் பாய்ந்து வந்தான். நெய்ப்பலகாரம் போனால் அவன் பெருமையும் போகும், அதுதான் விஷயம்.

"மன்னா, நெய்யில்லாமல் ஒரு பலகாரமா? மாட்டுக்குத்தான் வைக்க வேண்டும். இவள் உங்களைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறாள்!"

அரசருக்கு ஏற்கெனவே குதிரை மேல் கோபம். அது பூவாயி மேல் திரும்பியது.

"நீ சொன்ன மூன்றும் இல்லாமல் நாளைக்கு ஒரு பலகாரம் கொண்டுவா. நானாக வாய் திறந்து 'கொடு' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது."

சபையில் ஓரமாக நின்றிருந்தான் ஒப்பிலான். அவன் அரசரின் விகடன், பூவாயியின் புருஷன். அவள் போனால் அவனும் மூட்டை கட்ட வேண்டும். அரசரின் பிடிவாதம் அவனுக்குத் தெரியும். தேவாமிர்தமே வந்தாலும் நாளைக்கு அந்த வாய் திறக்காது.

தாண்டவன் பல்லைக் காட்டினான். "நம் மடைப்பள்ளியிலேயே செய்யுங்களேன் அம்மா. உரல், அடுப்பு எல்லாம் இருக்கு."

"வேண்டாம் அண்ணே, வீட்டிலேயே செய்துகொள்கிறோம்," என்றான் ஒப்பிலான்.

வீட்டுக்கு வந்ததும் பூவாயி பிடித்துக்கொண்டாள். "அங்கே எவ்வளவு பெரிய உரல் இருக்கு! எதுக்கு வேண்டாம்னீங்க?"

"வெளியில் செய்த பண்டம் என்றால், விஷம் கலந்திருக்கா என்று அரசருக்கு முன்னால் ஒருவர் ருசி பார்க்கணும் இல்லையா? யார் பார்ப்பது?"

"தாண்டவன்."

"நாள் முழுக்க நெய்ப்புகையில் நிற்கிறவன் வீட்டுக்குப் போய் என்ன தின்கிறான் தெரியுமா? பழைய சோறும் வெங்காயமும். அவன் பெண்டாட்டியே சொன்னாள். நெய் வாசனை வந்தாலே அவனுக்குக் குமட்டுமாம்."

பூவாயி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கறுப்பு எள்ளை எடுத்து நீட்டினாள். "வறுங்க. பேச்சு பிறகு."

முதல் ஈடு கருகிவிட்டது. "எள்ளு படபடன்னு பொரிஞ்சதும் இறக்கணும். அரசரைச் சிரிக்க வைக்கத் தெரியுது, இது தெரியலையா?" என்று திட்டினாள். இரண்டாவது ஈடு சரியாக வந்தது. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், துருவி வாட்டிய தேங்காய், ஒரு சிட்டிகை ஏலம், ஒரு கல் உப்பு. எல்லாவற்றையும் எள்ளோடு உரலில் போட்டு இடித்தாள். எள்ளே எண்ணெய் விட்டது. நெய் எதற்கு? உருட்டினால் உருண்டை. அவ்வளவுதான் வேலை.

மறுநாள் சபை. தட்டு நிறைய உருண்டை, கறுப்பாகப் பளபளத்தது. அரசர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாண்டவன் முகத்தைச் சுளிக்கத் தயாராக வந்தான். ஒன்றை வாயில் போட்டான். மென்றான். சுளிக்க மறந்துபோனான்.

"எப்படி?" என்றார் அரசர்.

"மண்... மண் மாதிரி இருக்கு மன்னா."

"விஷம் இல்லையே அண்ணே?" என்றான் ஒப்பிலான்.

"இதில் இல்லை."

"இதில் இல்லை, சரி. பக்கத்து உருண்டையில் இருந்தால்? அரசர் உயிராச்சே. எதில் இருக்கென்று யார் கண்டது? ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டியது உங்கள் கடமை இல்லையா?"

தாண்டவன் ஒரு கணம் யோசித்தான். "கடமைதான்," என்றான். கை அதற்கு முன்பே தட்டுக்குப் போய்விட்டது.

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. "கண்றாவி," என்றபடி ஒன்று. "வாயிலே வைக்க முடியலை," என்றபடி ஒன்று. ஏல வாசனை சபை முழுக்கப் பரவியது. அரசர் ஒவ்வொரு உருண்டையும் தாண்டவன் வாய்க்குள் போவதைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. தட்டு காலியாகிக்கொண்டே வந்தது.

"பாவம்," என்று பெருமூச்சு விட்டான் ஒப்பிலான். "உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறார் பாருங்கள்."

தட்டில் கடைசி உருண்டை. தாண்டவனின் விரல் அதைத் தொட்டது.

"டேய்! அதை எனக்குக் கொடுடா!" அரசர் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தே விட்டார்.

"கேட்டுவிட்டீர்கள் மன்னா," என்றான் ஒப்பிலான். பூவாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசர் முறைத்தார். உருண்டையைப் பிடுங்கி வாயில் போட்டார். மெல்ல மெல்ல முறைப்பு கரைந்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவாயிக்கு வீசினார்.

"இனி அரண்மனையில் இதுதான் பலகாரம். வைத்தியச்சி சொல்வதே சட்டம். டேய் தாண்டவா, உண்மையைச் சொல். எப்படி இருந்தது?"

தாண்டவன் மீசையில் ஒட்டியிருந்த எள்ளை நாக்கால் நக்கினான்.

"உறுதியாகச் சொல்ல முடியவில்லை மன்னா. இன்னொரு தட்டு சோதித்துப் பார்க்கணும்."