வாய் திறக்காத ராஜகுமாரியும் மாட்டுத் தரகு ஒச்சாயியும்

தொட்டில்ல கிடக்கிறதுகிட்ட என்ன பேச்சு, அதுக்கு என்ன புரியப்போகுதுன்னு சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து சொன்னது யாருன்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். பேரைச் சொல்ல வேண்டாம். புள்ளைங்களா, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காதீங்க. கதையைக் கேளுங்க. கேக்க வேண்டியவங்க காதுலயும் விழட்டும்.

காட்டைத் தாண்டி, கரட்டைத் தாண்டி, ஒரு சீமையில ஒரு ராஜா இருந்தாராம். கோயில் குளமெல்லாம் சுத்தி, அவருக்கு ஒரே ஒரு பொம்பளப் புள்ள பிறந்துச்சாம். அழகுநாச்சின்னு பேரு வச்சாங்க. அந்த அரண்மனையில ஒரு வழக்கம் உண்டு. ராஜவம்சத்து ஆளுதான் முதல்ல வாய் திறக்கணும், அதுக்கப்புறம்தான் மத்தவங்க பேசணும். முந்திக்கிட்டா நாட்டை விட்டே விரட்டிடுவாங்க. அரண்மனையை ஆட்டி வச்ச பெரிய காரியக்காரர் தொட்டில் முன்னாடி வந்து நின்னு, ராஜா என்னன்னு கேட்டதும், "மகாராஜா, குழந்தையும் ராஜவம்சம்தானே? அது பேசுற வரைக்கும் அதுகிட்ட யாரும் பேசக்கூடாது"ன்னார்.

ராஜாவுக்கு அது நியாயமாப் பட்டுச்சாம். தலையை ஆட்டிட்டார். தலை இருக்கிறது அதுக்குத்தானே!

அவ்வளவுதான். தாதி வாயை மூடிக்கிட்டுக் குளிப்பாட்டினா, வாயை மூடிக்கிட்டுச் சோறூட்டினா, வாயை மூடிக்கிட்டுத் தொட்டிலை ஆட்டினா. பெத்தவளுக்கே தாலாட்டு தொண்டையோட நின்னுபோச்சு. புள்ள "ங்கா"ன்னுச்சு, பதில் இல்ல. "ஊ"ன்னுச்சு, பதில் இல்ல. கையைத் தட்டிப் பாத்துச்சு, பதில் இல்ல. "அது வெறும் சத்தம், பேச்சில்ல"ன்னார் காரியக்காரர். கடைசியில புள்ளையும் சும்மா இருந்துக்கிச்சு. பின்ன? திறக்காத கதவை எத்தனை நாளுக்குத்தான் தட்டும்?

வயசு மூணை நெருங்கிடுச்சு. வைத்தியர் வந்து நாக்குல வசம்பு தடவினார், பேசல. பூசாரி வந்து மந்திரிச்சுக் கயிறு கட்டினார், பேசல. சோசியர் வந்து பழியைச் சனி மேல போட்டுட்டுச் சாப்பிட்டுட்டுப் போனார், அப்பவும் பேசல. அப்பத்தான் காரியக்காரர் மெல்ல ஆரம்பிச்சார். "ஊமைப் புள்ளை எப்படிப் பட்டம் ஏறும் மகாராஜா? தைப்பொங்கலுக்குச் சபையில நிறுத்துவோம். அன்னைக்கும் பேசலைன்னா மலைக்கோட்டைக்கு அனுப்பிடலாம். பட்டத்துக்குத்தான் என் மருமகன் இருக்கானே." ராஜா அதுக்கும் தலையை ஆட்டிட்டார்.

பாத்தீங்களா, பூனை எங்கெங்க சுத்தி எந்த உறிக்குக் கீழ வந்து நிக்குதுன்னு?

அந்த வருஷம் ஆடியில, அரண்மனைக்கு ஒரு காராம்பசுவை ஓட்டிக்கிட்டு வந்தா ஒச்சாயி. மாட்டுத் தரகு அவளுக்குத் தொழில். ஆம்பளைங்க மட்டும் நிக்கிற சந்தையில ஒத்தையா நின்னு, ஏமாந்து ஏமாந்து ஏமாறாம இருக்கக் கத்துக்கிட்டவ. கோபம் மூக்கு நுனியில. இடுப்புல கைக்குழந்தை மொக்கையன். மாட்டுச் சந்தையில விலை பேசுறது எப்படித் தெரியுமா? கைமேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு, உள்ள விரலைப் பிடிச்சே பேசுவாங்க. பிடிச்ச விரல்தான் விலை. வாயே திறக்க மாட்டாங்க. படியலைன்னா மட்டும் "கட்டாது!"ன்னு கையை உதறுவாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னால வேணும்.

அந்தப் பசு ஒச்சாயி கைக்கு மட்டும்தான் மடி விட்டுச்சு. அதனால தினம் அவளே வந்து கறக்கணும்னு ஆச்சு. கறந்துக்கிட்டே மொக்கையன்கிட்டப் பேசுவா. "ஏலே, இன்னைக்குப் பால் எப்படி?"

"ங்கா."

"தண்ணியாவா இருக்கு? உன் நாக்குல கொள்ளிய வைக்க! கட்டாது, போ!" மொக்கையன் கெக்கெக்கேன்னு சிரிப்பான்.

தூணுக்குப் பின்னால இருந்து அழகுநாச்சி பாத்தா. ஒச்சாயி வாயைப் பாத்தா, மொக்கையன் வாயைப் பாத்தா, மறுபடி ஒச்சாயி வாயைப் பாத்தா. அப்புறம் மெதுவா விரலை நீட்டி மாட்டைக் காட்டினா.

'பேசாதே, பேசாதே'ன்னு தாதி கையால ஜாடை காட்டினா. நீட்டின விரலுக்குப் பதில் சொல்லாமப் போனா ஒச்சாயி என்ன தரகு? "மாடு, ஆத்தா. காராம்பசு. அந்தக் கொம்பைப் பாரு, உங்க அரண்மனைக் கோபுரம் கணக்கா!"

தாதி ஓடிப்போய் ராணியைக் கூட்டிக்கிட்டு வந்தா. ராணி ஒச்சாயி கையைப் பிடிச்சுக்கிட்டா. "தெரிஞ்சா உன்னை விரட்டிடுவாங்க, பொண்ணே. தைக்குள்ள பேசலைன்னா புள்ளையையும் மலைக்கோட்டைக்கு அனுப்பிடுவாங்க."

"விரட்டட்டும் தாயி. தைக்குள்ள இந்தப் புள்ள வாயில வார்த்தை வரலைன்னா இனிமே மாட்டுக் கயித்தையே தொடமாட்டேன்."

உடனே வந்துடுமா? வரல. ஒச்சாயி ஆடிக் காத்துலயும் வந்தா, ஐப்பசி மழையிலயும் வந்தா, மார்கழிப் பனியிலயும் வந்தா. புள்ள மணியைக் காட்டினா மணின்னா, கன்னைக் காட்டினா கன்னுன்னா. சொல்லிட்டு வாயை மூடிக் காத்திருந்தா. அவசரப்படுறவனுக்கு எந்த மாடும் படியாதுன்னு சந்தை அவளுக்குச் சொல்லிக் குடுத்திருந்துச்சு. புள்ள "ஊ"ன்னா, "அப்படியா, அப்புறம்?"ன்னு கேட்டா. கொஞ்ச நாள்ல "செம்பு எங்க ஆத்தா?"ன்னா ஓடிப்போய் எடுத்துட்டு வந்துச்சு. உள்ள எல்லாம் போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெளியதான் வரல. ராணி விரலை விட்டு நாள் எண்ணினா.

பொங்கலுக்கு முந்தின நாள் காரியக்காரர் தொழுவத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டார். மறுநாள் சபையில புள்ளையும் நிக்குது, ஒச்சாயியும் நிக்கிறா.

"ராஜகுமாரிகிட்ட முந்திப் பேசினவ இவ!"ன்னார் காரியக்காரர்.

"முந்திப் பேசினது உங்க ராஜகுமாரி. விரலை நீட்டினா. பதில் சொன்னேன்."

சபையே சிரிச்சுச்சு. "விரல் பேசுமாடி?"ன்னார் காரியக்காரர்.

"ஐயா, சித்திரைச் சந்தையில என்கிட்ட ஒரு ஜோடிக் காளை வாங்கினீங்களே, வாயாலயா விலை கேட்டீங்க?"

"இல்ல."

"துண்டுக்குள்ள என் விரலைத்தானே பிடிச்சீங்க?"

"ஆமா."

"விரல் பேசாதுன்னா அந்த வியாபாரமே நடக்கல. வாசல்ல வண்டியில பூட்டியிருக்கு பாருங்க, இப்பவே அவுத்து விடுங்க, நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்."

காரியக்காரருக்குக் காளை மேல உசிரு. "ஏய், ஏய்! பேசி முடிச்ச விலைடி அது!"ன்னு கத்திட்டார்.

"கேட்டுக்கோங்க மகாராசா! அவர் விரல் நீட்டினா பேச்சு, உங்க புள்ள நீட்டினா சத்தமா? தொட்டில்லயிருந்தே இவ பேசிக்கிட்டுத்தான் இருந்தா. என்னன்னு கேக்கத்தான் ஆள் இல்ல!"

ராஜா முகம் செத்துப்போச்சு. ஆனா காரியக்காரர் விடுவாரா? "வாயால ஒரு வார்த்தை வந்துச்சா மகாராஜா? இன்னைக்கே மலைக்கோட்டைக்கு அனுப்பிடுவோம்"னு புள்ள கையைப் பிடிச்சார். அழகுநாச்சி அவரை அண்ணாந்து பாத்தா. பிடிச்ச கையைப் பாத்தா. ஒரே உதறு.

"கட்டாது!"

ராணி ஓன்னு அழுதுக்கிட்டே ஓடிவந்து புள்ளையை அள்ளினா. அத்தனை நாளும் தொண்டையில நின்ன தாலாட்டு அந்தச் சபையிலயே வெளிய வந்துச்சு.

"இவருக்கு என்ன தண்டனை? நீயே சொல்லு"ன்னார் ராஜா, ஒச்சாயியைப் பாத்து.

"வாயை அடைச்சவர் இனிமே வாயைத் திறந்தே இருக்கட்டும். ராஜகுமாரி கேக்குற எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். அவ போதும்ங்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

இதுவா தண்டனைன்னு சிரிச்சாராம் காரியக்காரர். பாவம், பேசக் கத்துக்கிட்ட புள்ளைகிட்ட அவர் மாட்டினதே இல்ல. மூணு வருஷமா அடைச்சு வச்ச வாய் அது, திறந்தா சும்மா இருக்குமா?

"மாட்டுக்கு ஏன் கொம்பு?"

"முட்டுறதுக்கு."

"ஏன் முட்டுது?"

"கோபம் வந்து."

"ஏன் கோபம்?"

"தெரியல தாயே."

"ஏன் தெரியல? உங்க தலையில ஏன் முடி இல்ல?"

தொண்டை கட்டி, சுக்குக் கஷாயம் குடிச்சுக் குடிச்சு, இன்னும் பதில் சொல்லிக்கிட்டு இருக்காராம். அவ இன்னும் போதும்னு சொல்லலையாம்.

பசு கறந்தாச்சு, பாலும் காய்ச்சியாச்சு, கதையும் ஆச்சு. இப்ப, அந்தப் பேர் சொல்லாத ஆளு எந்திரிங்க. தொட்டில்ல "ங்கா"ன்னு சத்தம் கேக்குதா? எல்லாருக்கும் கேக்குது. கிட்டப் போங்க. குனிஞ்சு, என்னடா தங்கம்னு கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. என்னது, நாளைக்குப் பாத்துக்கலாமா?

கட்டாது!