கம்ப்யூட்டருக்குத் துண்டு போட்ட கதை

காட்டுவலசுச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கான புத்தி இருந்தது என்று சொன்னால், அது அவர்களைத் தூக்கிப் பேசுவதாகிவிடும். தலைவர் சென்னியப்பன். அவருக்கு அடுத்து ஒண்டிமுத்து, குப்பண்ணன். கடைசியாக ராக்கியப்பன். அவர் எல்லாவற்றுக்கும் கடைசிதான்.

சென்னியப்பனுக்கு மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது நினைவிருக்காது. ஆனால் மேட்டுப்புதூர்ச் சந்தைத் தரகன் மாரப்பன் ஒரு கல்யாணத்தில் தனக்கு முந்தின பந்தியில் உட்கார்ந்ததும், தன் இலைக்கு வருவதற்குள் பாயசம் தீர்ந்துபோனதும் நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கும். கல்யாணம் ஆன பெண் பாட்டியாகிவிட்டாள். சென்னியப்பனுக்கு இன்னும் பாயசம் வந்து சேரவில்லை.

அது ஊரெல்லாம் இன்டர்நெட் பேச்சாக இருந்த காலம். டவுனில் ஊறுகாய்க் கடைக்குக்கூட வெப்சைட் வந்துவிட்டது. ஒருநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் மாரப்பன் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னான்.

"பொங்கல் முடிஞ்சு வர்ற செவ்வாக்கிழமைச் சந்தைக்குள்ள நாங்க கம்ப்யூட்டர்ல மாடு வித்துருவோம். இந்தக் காட்டுவலசுக்காரங்களுக்குக் கம்ப்யூட்டருக்குக் கொம்பு எந்தப் பக்கம்னு தெரியுமா?"

சென்னியப்பன் டம்ளரை வைத்தார். "அதே செவ்வாக்கிழமைக்குள்ள நாங்க வித்துக் காட்டறோம். விக்கலைன்னா என்ற மீசைய எடுத்துக்கறேன். வித்துட்டா உன்ற மீசை போகணும். சரியா?"

"சரி" என்றான் மாரப்பன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒண்டிமுத்து மெதுவாகக் கேட்டார். "ஏனுங்ணா, கம்ப்யூட்டருக்குக் கொம்பு எந்தப் பக்கமுங்க?"

"பேசாம வாடா. எதிரி சொன்னதை வெச்சுப் படிக்கக் கூடாது" என்றார் சென்னியப்பன்.

கோயம்புத்தூரில் வெப்சைட் செய்து தரும் எட்வின் என்பவரைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், அவர் செய்த பாவம் என்னவோ. "முதல்ல நாலு பேரைத் தெரிஞ்சுக்கணுங்க. ஓட்டல்ல வியாபாரிகள் கூட்டம் ஒண்ணு நடக்குது. பேர் போட்ட விசிட்டிங் கார்டு அடிச்சுக்கிட்டு வாங்க. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் கொடுங்க, அவங்க கொடுக்கிறதை வாங்குங்க. திரும்பும்போது கையில ஒரு கார்டுகூட மிஞ்சக் கூடாது" என்றார்.

நாலு பேரும் வெள்ளை வேட்டியில் போனார்கள். வாசலில் நின்ற காவல்காரரிலிருந்து கை கழுவுகிற இடத்தில் நின்றவர் வரை கார்டு கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. ஆனால் கை காலியாகவில்லை. வாங்கின கார்டு கத்தை கத்தையாக இருந்தது.

"ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதுன்னாரே" என்று கவலைப்பட்டார் குப்பண்ணன்.

"அப்ப இதையும் கொடு" என்றார் சென்னியப்பன்.

மோட்டார் பம்பு விற்கிறவரின் கார்டைப் பனியன் வியாபாரிக்கும், பனியன்காரர் கார்டைப் பல் டாக்டருக்கும் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க அவர்களும் மரியாதைக்கு ஒன்று கொடுத்தார்கள். சாயங்காலம் ஆவதற்குள் கார்டெல்லாம் மண்டபத்தைச் சுற்றி வந்து, நாலு பேர் கையிலும் அவரவர் சொந்தக் கார்டே வந்து சேர்ந்தது. ஒண்டிமுத்து தன் கார்டைத் தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒண்டிமுத்து, மாட்டுத் தரகர், காட்டுவலசு. அட, நம்மூர்க்காரரு! நல்ல ஆளாட்டம் தெரியுது. ஒருநாளைக்குப் போய்ப் பார்க்கோணும்."

அடுத்து எட்வின் மாட்டு போட்டோ கேட்டார். "வாங்கறவங்க எதைப் பார்த்து வாங்குவாங்களோ, அது தெளிவாத் தெரியணும்."

மாடு வாங்குகிறவன் எதைப் பார்ப்பான்? மயிர் சுழித்து நிற்கிற சுழியைப் பார்ப்பான். நெற்றிச் சுழி, முதுகுச் சுழி, எது எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், ஆகாது என்று பார்த்துத்தான் விலை பேசத் துண்டை உதறுவான். ஆகவே நாலு பேரும் போட்டோக்காரரை மாட்டின் மேல் ஏறாத குறையாக நெருங்கவிட்டு, சுழி சுழியாக எடுத்துவந்தார்கள். எட்வின் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க, தென்னந்தடுக்கா?"

"செவலைக் காளைங்க. இத்தனை லட்சணமான சுழி சுத்துவட்டாரத்துலயே கிடையாது."

"காளை எங்கங்க?"

"சுழி இருந்தா சுத்தியும் மாடு இருக்கத்தானுங்க செய்யும்" என்றார் குப்பண்ணன் பொறுமையாக. படித்தவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு அவர் குரலில் இருந்தது.

எட்வின் அவற்றையே வெப்சைட்டில் போட்டுவிட்டார். சென்னியப்பனின் செவலைக் காளைதான் முதல் படம். பிறகு தரகர் சங்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, போன் வயரை மாட்டி, மேசையில் இருந்த மவுஸைக் காட்டினார். "மாடு பக்கத்துல 'சரி'ன்னு இருக்கும். வாங்கறவங்க அதுல வெச்சு இதை ரெண்டு தடவை அமுக்கினா வியாபாரம் முடிஞ்சுது. விலை அங்கேயே போட்டிருக்கும்."

நாலு பேரும் பதறிப்போனார்கள்.

"விலை வெளியில தெரியுமா?" என்றார் சென்னியப்பன்.

"எல்லாருக்கும் தெரியுங்க."

"ஏனுங்க, எங்க மானத்தை வாங்கறீங்களா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மாட்டுச் சந்தையில் யாரும் வாய்விட்டு விலை சொல்வதில்லை. இரண்டு பேரும் கை கொடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு முகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. எட்வின் கும்பிட்டுவிட்டு விலையை எடுத்துவிட்டார். அவர் பஸ் ஏறினதும், நாலு பேரும் ஒரு புதுத் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் மவுஸையும் சேர்த்து மூடினார்கள்.

சென்னியப்பன் துண்டுக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் தடவினார். முகம் மாறியது.

"ரெண்டு விரல்தாண்டா இருக்குது இவனுக்கு."

"நடுவுல?"

"நடுவுல ஒரு சக்கரம்."

"அது அரையா இருக்கும்" என்றார் ஒண்டிமுத்து. "ரெண்டரைக்கு மேல போகமாட்டான் போல. கெட்டிக்காரன்."

இனிப் பாஸ்வேர்டு. எட்வின் போகும்போது, "இது யாருக்கும் தெரியக் கூடாது, நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தார். யாருக்கும் என்றால் தங்களுக்கும்தானே? நாலு பேரும் முறை போட்டுத் துண்டுக்குள் கையை விட்டு ஆளுக்கு ஒரு எழுத்தை அமுக்கினார்கள். அடுத்தவர் எழுத்து என்னவென்று யாரும் கேட்கவில்லை. இதைவிடப் பத்திரமாக உலகத்தில் எந்தப் பாஸ்வேர்டும் இருந்ததில்லை.

வாரம் ஓடியது. வெப்சைட்டைத் திறந்த வெளியூர்க்காரர்கள் சுழியைப் பார்த்துத் தலைசுற்றி மூடிவிட்டார்கள். ஒரு மாடும் விற்கவில்லை. சொன்ன செவ்வாய்க்கிழமையும் வந்துவிட்டது. மேட்டுப்புதூரிலும் இன்னும் விற்கவில்லைதான். ஆனாலும் மாரப்பன் மத்தியானம் வருவதாகவும், கையோடு சவரப் பெட்டி கொண்டுவருவதாகவும் ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சென்னியப்பன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். போன் வயர் மாட்டின மோடம் கீச்சென்று கத்தி, கொரகொரவென்று இழுத்து, மறுபடி கத்தியது.

"யாரோ ரெண்டு பேரு விலை பேசறாங்க" என்றார் குப்பண்ணன். "படியலை போல."

சத்தம் அடங்கியது. "படிஞ்சிருச்சு" என்றார் ஒண்டிமுத்து.

துண்டை ஓரமாக விலக்கிப் பார்த்தால் திரை பாஸ்வேர்டு கேட்டது. மூன்று பேர் துண்டுக்குள் கையை விட்டு எடுத்துவிட்டார்கள். ராக்கியப்பன் மட்டும் அசையவில்லை.

"என்னடா?"

"என்ற எழுத்து எனக்குத் தெரியாதுங்ணா."

"மறந்துட்டியா?"

"மறக்கலைங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்கல்ல, அதனால அன்னைக்கு நான் பார்க்காமத்தான் அமுக்கினேன்."

சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. ஆனால் ஆளைக் குறை சொல்ல முடியவில்லை. சொன்னதை ஒழுங்காகக் கேட்டவன் அவன் ஒருவன்தான். "அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லு. கண்ணை மூடு. கையப் போக்குல விடு."

ராக்கியப்பன் கண்ணை மூடிக் கையை விட்டார். இல்லை என்றது. மறுபடி மூன்று பேரும், மறுபடி அவரும். விரல் வலிக்க ஆரம்பித்த பிறகு எப்படியோ கதவு திறந்தது. திரைப்பக்கத் துண்டை நன்றாகத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். செவலையின் சுழி. பக்கத்தில் 'சரி'.

சென்னியப்பன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டார். திரையில் அம்பு எங்கெங்கோ ஓடியது. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் 'சரி'யின் மேல் வந்து நின்றது. இரண்டு தடவை அமுக்கினார். கம்ப்யூட்டர் யோசித்தது. பிறகு எழுத்து வந்தது: 'வியாபாரம் முடிந்தது. நன்றி.'

"யாருக்கு யாரு நன்றி சொல்றது?" என்றார் ஒண்டிமுத்து.

"வாங்கினவங்கதான் சொல்லுவாங்க" என்றார் குப்பண்ணன்.

"சொன்னது யாரு?"

நாலு பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். பிறகு மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார்கள். "இவருதானுங்களா!" என்றார் ராக்கியப்பன். "இத்தனை நாளா ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்காம இருந்துட்டோமே."

விற்ற மாட்டை ஒப்படைக்க வேண்டும். செவலையை வாசலுக்குப் பிடித்துவந்தார்கள். அங்கே ஒரு சிக்கல். விற்கிறவன் தன் கயிற்றோடு மாட்டைக் கொடுக்கமாட்டான். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடும். வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும்.

"அவருகிட்டக் கயிறு இருக்குதுங்களா?"

"முதுகுல பாருடா. தடியா ஒண்ணு தொங்குது."

கம்ப்யூட்டரின் திரைப் பெட்டி முதுகிலேயே முளைத்திருந்த வயர் அது. மறுமுனையை, மேசைக்குக் கீழே இருந்த இன்னொரு பெட்டியிலிருந்து திருகிக் கழற்றினார்கள். கரண்டு வயரையும் பிடுங்கினார்கள். திரைப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்து, வெயில் படாமல் தலைமேல் துண்டைப் போட்டுக் கட்டி, வயரைச் செவலையின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். சென்னியப்பன் தன் கயிற்றை உருவிக்கொண்டு கும்பிட்டார். "நல்லாப் பார்த்துக்குங்க. கோவக்காரன், ஆனா வேலைக்காரன்."

செவலைக்குத் தண்ணி காட்டுகிற நேரம். அது யாரையும் எதிர்பார்க்கவில்லை. தன் தொட்டியைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. பின்னால் கம்ப்யூட்டர் தடதடவென்று புழுதியில் உருண்டு போனது.

அந்த நேரம் பார்த்து மாரப்பன் சவரப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். தெருவில் போவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"அது யாரப்பா?"

"மாட்ட வாங்கினவரு" என்றார் சென்னியப்பன், மீசையை நீவிக்கொண்டே. "கம்ப்யூட்டருதான். இப்பத்தான் படிஞ்சுது."

"வாங்கினவரு மாட்டுக்கு முன்னாலதானே போவாரு?"

"புது ஆளு. இன்னும் பழகலை."

மாரப்பன் வண்டியை விட்டு இறங்கினான். "துண்டு போட்டுப் பேசினாரா?"

"தலையில இருக்குது பாரு."

மாரப்பன் எட்டிப் பார்த்தான். கண்ணால் பார்த்தாகிவிட்டது. தன் வீட்டுக் கட்டுத்தறியில் விலை போகாமல் தீனி தின்றுகொண்டிருக்கும் சாம்பல் நிற மயிலைக் காளை ஜோடி அவன் கண்முன் வந்தது. "சென்னியப்பா, நான் தோத்தேன். மீசைய எடுத்துக்கறேன். அவரை எனக்குக் கொஞ்சம் அறிமுகப்படுத்தி வையி."

"முதல்ல மீசை."

"அதுக்குள்ள அவரு போயிருவாரப்பா!"

இருவரும் பேசிப் பார்த்தார்கள். படியவில்லை. கடைசியில் துண்டைப் போட்டு விரல் பிடித்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாரப்பன் சவரப் பெட்டியைத் திறந்து, பாதி மீசையை அங்கேயே வழித்து அச்சாரமாகச் சென்னியப்பன் கையில் வைத்தான். மீதி, மயிலை விற்ற பிறகு. அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றை மீசையோடு கம்ப்யூட்டர் பின்னால் ஓடினான்.

"ஏனுங்க! சித்த நில்லுங்க! ஜோடி மயிலைங்க, சுழி சுத்தமுங்க!" என்று கத்திக்கொண்டே குனிந்து குனிந்து ஓடி, உருண்டுகொண்டிருந்த பெட்டியின் துண்டுக்குள் கையை விட்டு, விரலைத் தேடிக்கொண்டே போனான்.