மரிசோல் மோத்தாவை உலகறியச் செய்த டிரம்பெட்

கஸ்பார் மோத்தா தூத்துக்குடியில் வாயைத் திறந்தால் கொழும்பில் காற்றடிக்கும். அன்று அதை அகலமாகவே திறந்தாக வேண்டியிருந்தது. போன வருஷத் திருவிழாவில் சப்பரம் பாதி வழி போகுமுன்பே மூச்சு வாங்கி, டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். இந்த வருஷம் பேண்டு வேண்டாம், டிஜே வைப்போம் என்று கமிட்டி கூடியிருந்தது. நாற்பது வருஷம் மாதாவுக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனவருக்கு அது தாங்குமா?

"மரிசோல் மோத்தான்னு ஒருத்தி பாட்டு நம்ம மினிபஸ்லகூட ஓடுதே, கேட்டிருக்கியளா? அவள உலகத்துக்குக் காட்டினது நான்தான்" என்று ஆரம்பித்தார்.

செயலாளர் சேசடிமை கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். "ஸ்பானிஷ்ல பாடுதவளா?"

"அவளேதான். பேரப் பாத்தீரா, மோத்தா! நம்ம வகையறா. அங்க ஒரு கிளை, இங்க ஒரு கிளை. நான் கப்பல்ல இருக்கையில கொலம்பியாவுல கரை எறங்குனேன். மீன் சந்தையில நின்னு பாடுதா. கேக்க ரெண்டே ரெண்டு பூனை. மனசு கேக்கல. டிரம்பெட்ட எடுத்து ஒரு ஊது ஊதினேன். கூடையில செத்துக் கெடந்த மீனெல்லாம் எந்திரிச்சு வாலத் தட்டித் தாளம் போட்டுச்சு."

"ஐஸ்ல வச்ச மீனா, வைக்காததா?"

"ஐஸ்தான் நான் ஊதின சூட்டுல உருகிப்போச்சே! பெறவு கேளும். ஸ்பானிஷ்ல பாடினா ஸ்பானிஷ்காரன்தான கேப்பான்? 'தங்கச்சி, இங்கிலீஷ்ல ஒண்ணு எடுத்து விடு'ன்னேன். 'அண்ணே, எனக்கு வராதே'ன்னு அழுதா. எனக்கு மட்டும் வருமா? டிரம்பெட்டுலயே ஏ பி சி டி ஊதிக் காட்டினேன். கப்புன்னு பிடிச்சுக்கிட்டா. மறு மாசம் அமெரிக்காவுல அவ பாட்டுதான் முதல் இடம். பாரிஸ்ல கூட்டம் ஆடின ஆட்டத்துல அந்த இரும்புக் கோபுரமே சாஞ்சிட்டு. நான் அந்தப் பக்கமாப் போயி எதிர்க்காத்து ஊதி நிமித்தினேன்."

தலைவர் கர்வாலோவுக்குப் பொறுக்கவில்லை. "அம்புட்டுப் பெரிய பாடகி, உம்ம மகன் கல்யாணத்துக்கு ஏன்வே வரல?"

"வந்தாளே! கூட்டம் கூடிரும்னு முக்காடு போடச் சொல்லிப் பந்தியில விட்டேன். உமக்கு ரெண்டாந்தரம் கறி வச்சது யாருன்னு நெனச்சீரு?"

கர்வாலோ ஒரு கணம் யோசித்தே விட்டார்.

கஸ்பாருக்குத் தெம்பு வந்தது. "போன மாசம் அவ கச்சேரிக்கு ஒரே சுரத்த மூணு மணி நேரம் பிடிச்சேன். சத்தம் நிலாவுல முட்டித் திரும்பி வாரதுக்குள்ள நான் சாப்பிட்டுக் கையே கழுவிட்டேன்!"

கர்வாலோ கடிகாரத்தைப் பார்த்தார். "சேசடிமை, இவரு எப்ப ஆரம்பிச்சாரு?"

"நாலு மணிக்கு. இப்ப ஆறேகால்."

"நடுவுல எங்கயாச்சும் மூச்சு வாங்கினாரா?"

"நமக்குத்தான் வாங்குச்சு."

"அப்ப டிஜே வேண்டாம்னு எழுதும்."

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "இத மரிசோல் கேட்டான்னா..." என்று மறுபடி எடுத்தார்.

"வாய மூடும்வே" என்றார் கர்வாலோ. "மிச்ச மூச்சச் சப்பரத்துக்கு வையும்."