வெட்டாத சிப்பாய்

ரங்கநாயகியிடம் சதுரங்கம் கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன். ஆசிரியையைவிடவே பத்துப் பதினைந்து வயது பெரியவர். மர டிப்போ முதலாளி. லாரியிலிருந்து தேக்கு மரம் உருண்டு வந்தாலும் அசையாத மனுஷன், சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நகம் கடிப்பார்.

அன்று மத்தியானம் கடிக்க நகமே மிச்சமில்லை.

கம்ப்யூட்டர் என்ற பேச்சே ஊருக்கு வந்து சேராத காலம். ஆட்டம் நீண்டுவிட்டால் பாதியில் நிறுத்திவைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்வார்கள். அந்த இடைவேளையில் யாரிடம் வேண்டுமானாலும் யோசனை கேட்கலாம். ஜில்லாப் போட்டியின் கடைசி ஆட்டம் அப்படித்தான் நின்றுபோயிருந்தது. நாலு மணிக்கு மறுபடி தொடங்கும். ஜெயித்தால் சென்னியப்பன் மெட்ராஸ் போட்டிக்குப் போவார். டிரா ஆனால் எதிராளி போவார். ஒவ்வொரு வருஷமும் கைக்கு எட்டி நழுவிப் போனது இந்த முறையும் நழுவிவிடுமோ என்று பயந்தார்.

போதாக்குறைக்கு, எதிராளி டிரா கேட்டபோது, "ஜெயிக்கிற ஆட்டத்த எவனாச்சும் டிரா பண்ணுவானா?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்திருந்தார். எப்படி ஜெயிப்பது என்பதுதான் தெரியாது.

நேராக ரங்கநாயகி வீட்டுக்கு வந்து, அவர் பலகையில் காய்களை அடுக்கினார்.

"ஏனுங் டீச்சர், எங்கிட்ட ராஜாவும் ரெண்டு குதிரையும் இருக்குது. அவங்கிட்ட ராஜாவும் ஒத்தச் சிப்பாயும். அது ராணியாயிருமோன்னு பயந்து, ஒரு குதிரைய அதும் முன்னாடியே நிறுத்தி வழிய மறிச்சிருக்கறேன். மொதல்ல அந்தச் சிப்பாய வெட்டிப் போட்டரட்டுங்களா?"

"வெட்டுங்க."

வெட்டினார். நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

"இப்ப நான்தான் அவன். என்னைய மூலைக்குத் தொரத்துங்க."

துரத்தினார். ரங்கநாயகியின் ராஜா விலகி விலகி ஓடி, கடைசியில் மூலையில் போய் ஒடுங்கியது. சுற்றியிருந்த கட்டங்களையெல்லாம் சென்னியப்பனின் ராஜாவும் ஒரு குதிரையும் அடைத்துவிட்டன. இன்னொரு குதிரை ஒரே ஒரு தாவல் தாவினால் செக்மேட். ஆவலோடு அதன்மேல் கையை வைத்தார்.

"எம்பட மொறைங்ணா," என்றார் ரங்கநாயகி. "எனக்குச் செக் இல்லை. போறதுக்கு ஒரு கட்டமும் இல்லை. ஆட்டம் டிரா."

மறுபடி துரத்தினார். வழி விட்டால் ராஜா தப்பித்தது. அடைத்தால் டிரா ஆனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ரங்கநாயகி வெட்டுப்பட்ட சிப்பாயை எடுத்துப் பலகையில் திரும்ப வைத்தார்.

"இப்பவும் எம்பட மொறைதான். ராஜா நகர முடியாது. மறிச்ச குதிரை வெலகி இங்க வந்துருச்சு, ஆனா சிப்பாய் இருக்குது, அத நகத்தித்தான் ஆகோணும்." ஒரு கட்டம் நகர்த்தினார். "ம், தாவுங்க."

குதிரை தாவியது. செக்மேட்.

சென்னியப்பன் குனிந்து பலகையைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தச் சிப்பாயை எப்போது தீர்த்துக்கட்டலாம் என்றுதான் அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துக்கு எப்படிங்க வந்து சேர்றது? எம்பட ஆட்டத்துல ரெண்டு நகர்வுக்கு மேல யோசிச்சா கண்ண இருட்டிட்டு வருது."

"அங்கிருந்து யோசிக்காதீங்க. இவன் செத்துக் கெடக்கறான். இதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

அவர் குதிரையைப் பின்னால் எடுத்து வைத்தார். ரங்கநாயகி சிப்பாயைப் பின்னுக்கு இழுத்தார்.

"அதுக்கும் முந்தி?"

யோசித்து, தன் ராஜாவை ஒரு கட்டம் பின்னால் வைத்தார்.

"அப்ப நான் இந்தப் பக்கமா ஓடியிருக்கலாமே?" என்றார் ரங்கநாயகி.

"ஓடியிருக்கலாமுங்க."

"அதையும் அடைக்கோணும். எந்தக் குதிரை? எங்கிருந்து வரும்?"

செத்த ராஜா எழுந்து, மூலையை விட்டு ஓரத்துக்கு வந்தது. ஓரத்தில் ஊர்ந்து ஊர்ந்து பின்னால் போனது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மூன்று கிளைகள். ஒன்றையும் விடாமல் போய்ப் பார்த்துத் திரும்பினார்கள். சென்னியப்பன் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை ஆனபோது ராஜா பலகை ஓரத்தின் நடுப்பகுதிக்கு வந்திருந்தது.

ரங்கநாயகி கையை எடுத்துவிட்டார்.

"நிறுத்திப் போட்டீங்களே டீச்சர்? எம்பட ஆட்டத்துல அவன் ராஜா நடுப் பலகைல நிக்கறானுங்க. இன்னும் அங்க வந்து சேரலீங்களே?"

"சேரலைங்ணா."

"சிப்பாய உசுரோட விட்டு வெச்சு, மறிச்சு நிக்கற குதிரைய எடுக்கற நேரம் தப்பாப் போச்சுன்னா?"

"அது ராணியாயிரும். நீங்க தோத்துருவீங்க."

"டிரா கூட ஆகாதுங்களா?"

"ஆகாது."

"வெட்டிப் போட்டா?"

"தோக்க மாட்டீங்க. மெட்ராஸும் போக மாட்டீங்க."

அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஹாலில் எல்லோர் முன்னாலும் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே ஹாலில், அதே ஆட்கள் முன்னால் போய் உட்கார வேண்டும்.

"அந்த நடுவுல இருக்கற துண்ட மட்டும் சொல்லிக் குடுத்துருங்க டீச்சர். காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியாதுங்ணா."

சென்னியப்பன் அவர் முகத்தையே பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"சோத்துக்கு ஒல வெச்சுட்டு, துணி காயப் போட்டுட்டு, வருஷக்கணக்கா இதைய ஒவ்வொரு அடியாப் பின்னால தள்ளிட்டு வர்றேன். இது வரைக்குந்தான் வந்துருக்கறேன்."

"அப்ப நான் அங்க போயி என்னதானுங்க பண்றது?"

ரங்கநாயகி எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்க உங்க ஆட்டத்துப் பக்கமிருந்து வாங்க. வந்து சேந்துட்டீங்கன்னா, ஆட்டம் முடிஞ்சதும் நேரா இங்க வந்து எனக்குச் சொல்லிக் குடுங்க."